கடல் சூழ்ந்த நிலங்கள் – 11: தென்னந்தோப்பு அரசாங்கம்

இந்துமாக்கடலில் சுமத்ராவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தெற்கு அட்சரேகை 12 பாகையை ஒட்டிக் கிடக்கின்றன கோகோஸ் கீலிங் தீவுகள். மொத்தம் 27. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தாலும் நிலம் 14 சதுர கிலோமீட்டர்தான். 2021 கணக்கெடுப்பில் மக்கள் தொகை அறுநூறுக்குச் சற்றுக் குறைவு. இன்று இது ஆஸ்திரேலியாவின் ஆட்சிப்பகுதி. ஆனால் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் இங்கிருந்து 2,750 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அக்கம்பக்கம் என்று சொல்லத்தக்க கிறிஸ்துமஸ் தீவே 900 கிலோமீட்டருக்கு அப்பால்.

வேறு பல தீவுகளில் முதலில் ஓர் அரசு வந்தது. அதன் நிழலில் கம்பெனியோ தோட்டமோ வளர்ந்தது. கோகோஸில் அந்த வேறுபாடே கிடையாது. தோட்டத்தின் சொந்தக்காரர்தான் அரசு, நீதிமன்றம், மளிகைக் கடை, நாணயச்சாலை எல்லாம். 1827இலிருந்து 1978 வரை ஒரே ஸ்காட்லாந்துக் குடும்பம் ஐந்து தலைமுறையாக இந்த நிலத்தை வைத்திருந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யமே கலைந்துபோன பிறகும் அந்தக் குடும்ப ஆட்சி இருந்தது. எப்படி நீடித்தது என்பதற்கான பதிலில் பாதி அந்த நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

காலடியில் இருப்பது பவளம் நொறுங்கிச் சேர்ந்த மணல். தெற்கே ஒரு பெரிய பவள வட்டம்: வளைந்த திட்டின்மேல் 26 தீவுகள், நடுவே ஆழமில்லாத காயல். அங்கிருந்து 24 கிலோமீட்டர் வடக்கே தனித்து நிற்கிறது வட கீலிங் தீவு. அங்கே மனிதர்கள் இல்லை. கடற்பறவைகளின் ஊர் அது. மலை எங்கும் இல்லை, பெரும்பாலான இடம் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். மழை ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. ஆனாலும் ஆறில்லை, ஓடையில்லை. மணலுக்குள் இறங்கும் மழைநீர் அடியில் ஊறி நிற்கும் கடல்நீரைவிட கனம் குறைந்தது என்பதால் அதன்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கிணறு தோண்டினால் ஊறுவது அந்தப் படலத்து நீர்தான். அளவு மீறி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். எந்தத் தீவில் அந்தப் படலம் தடிமனாக இருக்கிறதோ அங்கேதான் ஊர் அமைய முடியும். அப்படி ஊர் அமைந்தவை இரண்டே: ஹோம் தீவு, வெஸ்ட் தீவு.

சார்லஸ் டார்வின் தன் வாழ்நாளில் கால்வைத்துப் பார்த்த ஒரே பவள வட்டத்தீவு இதுதான். 1836 ஏப்ரல் 1 முதல் 12 வரை பீகிள் கப்பல் இங்கே நின்றது. தேங்காயை உடைத்துத் தின்னும் பெரிய நண்டுகளை அவர் பார்த்தார். கடல் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கும் கிணற்று நீரைக் கவனித்தார். கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் கரையிலிருந்து 2,200 கஜம் மட்டுமே தள்ளி 7,200 அடி நீளக் கயிற்றை இறக்கினார், தரை தட்டவில்லை. ஆழமில்லாத நீரில் மட்டுமே வளரக்கூடிய பவளம் இத்தனை செங்குத்தான சுவராக எப்படி எழுந்தது? அடியில் இருந்த எரிமலை மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ, பவளம் அதே வேகத்தில் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது என்பது டார்வினின் விடை. 1842இல் வெளிவந்த பவளத்திட்டு நூலில் அதை அவர் நிறுவினார். பின்னாளில் பசிபிக்கில் ஆழ்துளையிட்டுப் பார்த்தபோது அடியில் எரிமலைப் பாறையே கிடைத்தது.

டார்வினின் குறிப்புகளில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது பவளம் அல்ல. அங்கிருந்த மலாய் மக்களைப் பற்றி அவர் எழுதிப்போன ஒரு கருத்து. பெயரளவில் அவர்கள் சுதந்திரமானவர்கள், உடல்ரீதியாக யாரும் அவர்களைத் துன்புறுத்துவதும் இல்லை. ஆனாலும் மற்ற பெரும்பாலான விஷயங்களில் அடிமைகளாகவே கருதப்படுகிறார்கள் என்று பதிவு செய்கிறார். பன்னிரண்டு நாள் தங்கிய இளைஞரின் கண்ணில் பட்ட அந்த நிலையை, அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் வந்துபோன ஆளுநர்களும் அதிகாரிகளும் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். மாற்றியவர்கள் இல்லை.

அந்த மக்கள் அங்கே வந்த கதைக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர் வில்லியம் கீலிங் 1609இல் இந்தத் தீவுகளைக் கண்டார். அப்போது இங்கே மனிதவாடை இல்லை. அடுத்த இரண்டு நூற்றாண்டும் அப்படித்தான். 1826இல் அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேயர் வந்து இறங்கினார். இவர் பிரிட்டிஷ் ஆளுநர் ராஃபிள்ஸ் ஜாவாவை ஆண்ட காலத்தில் போர்னியோவின் பஞ்சர்மாசினில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்தவர். தன் அந்தப்புரத்துப் பெண்களையும் அடிமைகளையும் வேலையாட்களையும் சேர்த்து ஏறத்தாழ நூறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். போர்னியோ, ஜாவா, பாலி, சுலவேசி என்று பல கரைகளிலிருந்து பிடுங்கப்பட்டவர்கள் அவர்கள். எந்தக் கரைக்கும் திரும்பிப் போக அவர்களுக்கு வழியில்லை.

மறு ஆண்டு வந்தார் ஜான் கிளூனிஸ்-ராஸ். ஷெட்லாந்துத் தீவில் பிறந்த மாலுமி, முன்பு ஹேரிடமே வேலை பார்த்தவர். மனைவி, பிள்ளைகள், மாமியார், சில மாலுமிகள் என்று குடும்பமாக வந்து குடியேறினார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஹேரின் ஆட்கள் ஒவ்வொருவராக ராஸ் பக்கம் நகர்ந்தார்கள். 1831இல் ஹேர் தீவைவிட்டே போனார். மூன்றாண்டில் சுமத்ராவின் பெங்கூலுவில் இறந்தார். அவர் கொண்டுவந்து விட்ட மனிதர்கள் ராஸின் தொழிலாளிகள் ஆனார்கள். அடிமைத்தனத்திலிருந்து கூலிக்கு மாறியது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாரிடமிருந்து கூலி, எந்தக் காசில் கூலி, அந்தக் காசு எங்கே செல்லும் என்ற கேள்விகளுக்கு இந்தத் தீவில் கிடைத்த பதில், பழைய கட்டை வேறு கயிற்றால் கட்டியதாகவே இருந்தது.

இந்த மணலில் வேறு எதுவும் பயிராக நிற்காது. தென்னை நிற்கும். கடலில் மிதந்து வந்து கரையொதுங்கி முளைத்த தென்னை மனிதருக்கு முன்பே இங்கே காடாக இருந்தது. ராஸ் குடும்பம் அதை ஒழுங்கான தோப்பாக்கியது. காயல் சுற்றிய தீவுகளில் விழுந்து கிடக்கும் நெற்றுகளைப் பொறுக்கிக் குவிப்பார்கள். மட்டையை உரித்து, ஜூகோங் என்ற பாய்மரப் படகில் ஏற்றி ஹோம் தீவுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே காயை இரண்டாக உடைத்துப் பருப்பைத் தோண்டிக் காயவைத்தால் கொப்பரை. ஆலைக்குப் போய் எண்ணெயாகி, சோப்பாகி, மார்கரினாகி உலகச் சந்தைக்கு வரும் பொருள் அது. நாளுக்கு இத்தனை காய் என்று ஆளுக்குக் கணக்கு உண்டு. நாளின் அளவே காயின் எண்ணிக்கைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்கள் போதாமல் ஜாவாவின் பாந்தாம் பகுதியிலிருந்தும் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு ஒப்பந்தம் உண்டு, காலம் முடிந்தால் திரும்பலாம். தீவிலேயே பிறந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இனி அந்தக் காசு. கிளூனிஸ்-ராஸ் குடும்பம் வெளியிட்ட பணத்துக்கு கோகோஸ் ரூபாய் என்று பெயர். முதலில் ஆட்டுத்தோலில் எழுதிக் கையெழுத்திட்ட துண்டுகள் புழங்கின. 1913இல் தந்தம்போல் வெளிறிய பிளாஸ்டிக் வில்லைகள் வந்தன. ஐந்து சதத்திலிருந்து ஐந்து ரூபாய் வரை அளவுக்கு ஏற்ற வில்லை. ஒவ்வொன்றிலும் தீவின் பெயர், மதிப்பு, ஒரு வரிசை எண். வரிசை எண் இருப்பதைக் கவனியுங்கள். எத்தனை வில்லை வெளியே இருக்கிறது என்பது எஸ்டேட் கணக்கரின் பேரேட்டில் இருந்தது. இந்த வில்லையைக் கூலியாக வாங்கியவர் அதைச் செலவழிக்கக்கூடிய இடம் ஒன்றுதான்: எஸ்டேட் கடை. அரிசி, துணி, புகையிலை எல்லாம் அங்கே. விலையை நிர்ணயிப்பதும் அதே எஸ்டேட். சிங்கப்பூரில் கொடுத்தால் இந்த வில்லைக்கு ஒரு வாழைப்பழம்கூடக் கிடைக்காது.

இதைப் படிக்கிறவர்கள் பழங்காலக் கதை என்று எண்ணிவிடக் கூடாது. 1968இல் புதிய பிளாஸ்டிக் வில்லைகள் வெளியாயின. 1977இல் நாணயங்கள் அச்சாயின. மனிதன் நிலவில் இறங்கிய காலத்தில் இந்தத் தீவில் வாரக்கூலி பிளாஸ்டிக்கில் கிடைத்தது. ஒரு குடும்பம் இருபது ஆண்டு உழைத்துச் சேமித்தாலும் அந்தச் சேமிப்பைக் கொண்டு தீவைவிட்டு ஒரு அடி எடுத்துவைக்க முடியாது. தீவைவிட்டுப் போக விரும்பினால் போகலாம், யாரும் தடுக்கவில்லை. போனவர் திரும்பி வர அனுமதி இல்லை. தாய், தகப்பன், தம்பி, அவர்களின் கல்லறைகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட வேண்டும். பூட்டில்லாத கதவு இதைவிட இறுக்கமாக இருக்க முடியாது.

ராஸ் குடும்பத்தை ஆதரித்தவர்களுக்கும் சொல்ல இருந்தது. எல்லோருக்கும் வீடு இருந்தது, பட்டினி இல்லை, குற்றம் அரிது என்று அவர்கள் எழுதினார்கள். அவற்றில் உண்மை இருக்கிறது. குடும்பத்தின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையினர் தீவு மலாய்ப் பெண்களையே மணந்தார்கள். மலாய் மக்களின் திருமண ஆட்டங்களில் இன்றும் ஸ்காட்லாந்து நடன அடிவைப்பு கலந்திருக்கிறது. இஸ்லாம் தழைத்தது, பள்ளிவாசல் எழுந்தது, நிழற்கூத்து நடந்தது. ஆனால் உணவு, வீடு, மருந்து எல்லாம் ஒரே கையிலிருந்து வரும்போது அந்தக் கையின் முன் மறுத்துப் பேசுகிறவர் யார்? நல்ல எஜமானர் அமைந்தால் நல்ல வாழ்க்கை, அவ்வளவுதான். அதை ஆட்சி என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பிரிட்டிஷ் கொடி வந்து சேர்ந்த விதமும் வினோதமானது. 1857இல் ஜூனோ கப்பலின் தலைவர் ஃப்ரீமான்டில் இறங்கி, இது அரசியின் நிலம் என்று அறிவித்தார். அவர் உண்மையில் போகவேண்டியிருந்தது அந்தமானுக்கு வடக்கே உள்ள கோகோ தீவுகளுக்கு. பெயர் மயக்கத்தில் இங்கே வந்துவிட்டார் என்று எழுதுகிறார்கள். எப்படியோ கொடி நிலைத்தது. 1878இல் இலங்கை ஆளுநரின் பொறுப்பு, 1886இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் பொறுப்பு, 1903இல் சிங்கப்பூரோடு இணைப்பு. கோப்பு கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் மாறிக்கொண்டிருந்தது, தீவில் எதுவும் மாறவில்லை. மாறாததற்குக் காரணம் 1886இல் விக்டோரியா அரசி கொடுத்த சாசனம். அதன்படி தீவுகளின் நிலம் முழுவதும் ஜார்ஜ் கிளூனிஸ்-ராஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் சொந்தம். நிலத்தில் அறுபது ஆண்டாக வாழ்ந்து, பிள்ளை பெற்று, இறந்து புதைந்த நூற்றுக்கணக்கான பேரைப் பற்றி அந்தத் தாளில் உரிமை எதுவும் இல்லை. ஆண்டுக்கொரு முறை வரும் அதிகாரி எஸ்டேட் விருந்தினராகத் தங்கி அறிக்கை எழுதிவிட்டுப் போவார்.

வெளியுலகம் இந்தத் தீவை நினைத்தது கடலடி கம்பி வந்தபோது. 1901இல் டைரக்‌ஷன் தீவில் தந்தி நிலையம் அமைந்தது. ஆஸ்திரேலியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைக்கும் கம்பி இங்கே கரையேறி, மொரீஷியஸ் வழியே மேற்கே போனது. சாம்ராஜ்யத்தின் ஒரு நரம்பு இந்த மணல்திட்டில் வெளியே தெரிந்தது என்றால் மிகையில்லை. 1914இல் ஜெர்மானியக் கப்பல் எம்டன் தேடி வந்தது அதைத்தான்.

எம்டனைத் தமிழருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த கப்பல் அது. உயர்நீதிமன்றச் சுவரருகே அதன் நினைவுக்கல் இருக்கிறது. அந்தக் கப்பலின் முடிவு கோகோஸில் நடந்தது. நவம்பர் 9 காலை, போலிப் புகைபோக்கி ஒன்றைக் கூடுதலாக நட்டுக்கொண்டு டைரக்‌ஷன் தீவை நெருங்கியது. நிலையத்தார் ஏமாறவில்லை, அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று கம்பியிலும் வானலையிலும் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டார்கள். லெப்டினன்ட் ஹெல்முட் ஃபான் முக்கே தலைமையில் ஐம்பது பேர் இறங்கி வானலைக் கம்பத்தைச் சாய்த்தார்கள். டென்னிஸ் மைதானத்தின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி நிலையத்தார் கேட்டதற்கு இணங்கி வேறுபக்கம் சாய்த்தார்கள் என்பது அந்த நாளின் புகழ்பெற்ற செய்தி.

அபாயச் செய்தி, ஆஸ்திரேலியப் படைவீரர்களை ஏற்றிச்சென்ற கப்பற்கூட்டத்துக்குக் காவலாக அருகில் போய்க்கொண்டிருந்த சிட்னி கப்பலுக்கு எட்டியது. சிட்னி வேகமும் பெரிய பீரங்கிகளும் கொண்டது. சில மணி நேரத்தில் எம்டன் சிதைந்து, தலைவர் கார்ல் ஃபான் முல்லர் கப்பலை வட கீலிங் பவளத்திட்டின்மேல் ஏற்றிவிட்டார். எம்டனில் 130 பேருக்கு மேல் மாண்டார்கள். கரையில் சிக்கிக்கொண்ட ஐம்பது பேரோ கிளூனிஸ்-ராஸின் பழைய பாய்மரக் கப்பல் ஆயிஷாவை எடுத்துக்கொண்டு பாடாங் போய், வேறு கப்பலில் அரேபியா சேர்ந்து, பாலைவனம் கடந்து கான்ஸ்டான்டினோபிள் வரை போய்ச் சேர்ந்தார்கள். உலக நாளேடுகள் இரு கப்பல்களையும் கொண்டாடின. அன்று கரையில் நின்று பார்த்த மலாய்த் தொழிலாளிகளைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. புயலும் கொப்பரை விலையும் தீர்மானித்த வாழ்க்கை அவர்களுடையது. 1909 புயல் தோப்புகளை வேரோடு சாய்த்ததிலிருந்தே அவர்கள் அப்போதுதான் மீண்டுகொண்டிருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் இலங்கையை இந்தத் தீவோடு இன்னொரு விதத்தில் கட்டிப்போட்டது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தபின் கோகோஸ் நிர்வாகம் மீண்டும் கொழும்பு வசமானது. ஹார்ஸ்பரோ தீவில் இரண்டு பெரிய பீரங்கிகள். அவற்றை இயக்கியவர்கள் இலங்கை காவற்படைப் பீரங்கிப் பிரிவின் வீரர்கள். மே 8 இரவு அவர்களில் சுமார் 30 பேர் கிளர்ந்தார்கள். தலைமை தாங்கியவர் கிரேஷன் பெர்னாண்டோ என்ற இளைஞர், பிரிட்டிஷ் ஆட்சியை வெறுத்தவர். அதிகாரிகளைச் சிறைபிடித்து பீரங்கிகளைக் கைப்பற்றித் தீவை ஜப்பானியரிடம் ஒப்படைப்பது திட்டம். இயந்திரத் துப்பாக்கி அடைத்துக்கொண்டது; சக வீரர் ஒருவர் இறந்தார்; விடியுமுன் கிளர்ச்சி அடங்கிவிட்டது. ஆகஸ்டில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கோடர், பென்னி டி சில்வா மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கேறிய காமன்வெல்த் வீரர்கள் இந்த மூவர் மட்டுமே. அவர்கள் ஜப்பானை நம்பியது தவறு; ஜப்பான் ஆசியாவில் செய்தவை அதைக் காட்டிவிட்டன. ஆனால் அந்நியன் ஆட்சிக்காகத் தாம் ஏன் ஒரு மணல்திட்டைக் காக்க வேண்டும் என்ற அவர்களின் கேள்வி நேர்மையானது என்றே நினைக்கிறேன்.

போரின் முடிவில், 1945இல், வெஸ்ட் தீவில் விமானத்தளம் ஒன்றைப் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. தென்னைகளை வெட்டிச் சாய்த்துப் போட்ட அந்த ஓடுதளம்தான் தீவின் விதியை மாற்றியது. நான்காம் கிளூனிஸ்-ராஸ் 1944இல் இறந்திருந்தார். இளவயதில் பொறுப்பேற்க 1946இல் வந்தார் ஐந்தாமவர் ஜான் சிசில். வந்தவர் கண்டது, தோப்பு தாங்கக்கூடிய அளவுக்கு மேல் பெருகிவிட்ட ஜனம்: 1947இல் 1,800ஐத் தாண்டியது. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பகுதி மக்கள் சிங்கப்பூருக்கும் கிறிஸ்துமஸ் தீவுக்கும், எல்லாவற்றையும்விட அதிகமாக வட போர்னியோவுக்கும் குடிபெயர்ந்தார்கள். தீவில் சில நூறு பேரே மிஞ்சினார்கள். இன்று சபாவின் தாவாவிலும் லகாட் டத்துவிலும் உள்ள கோகோஸ் மலாய்ச் சமூகம், தாய்த்தீவின் மக்கள் தொகையைவிடப் பல மடங்கு பெரியது. கதவைத் தாண்டினால் திரும்ப முடியாது என்று தெரிந்தே போனவர்கள் அவர்கள்.

குவாண்டாஸ் நிறுவனம் 1952இல் பெர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு விமானம் விட்டபோது, வழியில் எரிபொருள் நிரப்ப இந்த ஓடுதளம் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியா அதற்கான நிலத்தை ராஸிடம் விலைக்கு வாங்கியது. 1955 நவம்பர் 23 அன்று பிரிட்டன் தீவுகளின் ஆட்சிப் பொறுப்பையே ஆஸ்திரேலியாவிடம் மாற்றிக்கொடுத்தது. கொடி மாறியது, தபால்தலை மாறியது. காயலின் ஒரு கரையில், வெஸ்ட் தீவில், ஆஸ்திரேலிய டாலரில் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள். எதிர்க்கரையில், ஹோம் தீவில், பிளாஸ்டிக் வில்லையில் கூலி வாங்கும் மலாய் மக்கள். நடுவே படகில் கடந்துவிடக்கூடிய நீர். இந்த நிலை இருபது ஆண்டுக்கு மேல் நீடித்ததற்கு கான்பெராவில் அமர்ந்திருந்தவர்களே பொறுப்பு.

1974இல் ஐக்கிய நாடுகள் சபையின் குழு ஒன்று வந்து பார்த்தது. அது எழுதிய கடுமையான அறிக்கைக்குப் பிறகு, கூலி, பணம், கல்வி எல்லாம் வெளியுலகின் கேள்விகள் ஆயின. கடைசியில் 1978 செப்டம்பர் 1 அன்று ஆஸ்திரேலியா 62.5 லட்சம் டாலர் கொடுத்து தீவுகளை ராஸிடமிருந்து வாங்கியது. ஓஷியானியா மாளிகையும் அதைச் சுற்றிய நிலமும் மட்டும் குடும்பத்துக்கு விடப்பட்டன. ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்த வெள்ளை மெருகுச் செங்கல்லால் கட்டிய வீடு அது. பிளாஸ்டிக் வில்லைகள் செல்லாமல்போய் ஆஸ்திரேலிய டாலர் புழக்கத்துக்கு வந்தது. 1979இல் ஹோம் தீவின் குடியிருப்பு நிலம் மக்கள் சபையின் பெயரில் அறக்கட்டளைச் சொத்தாக எழுதப்பட்டது. அதே ஆண்டில் தொழிலாளிகளின் கூட்டுறவுச் சங்கமும் உருவாகி, கொப்பரை வேலையையும் கடையையும் எடுத்துக்கொண்டது. விலைச்சீட்டை எழுதும் கை அப்போதுதான் மாறியது.

1984 ஏப்ரல் 6. ஐக்கிய நாடுகள் பார்வையாளர்கள் முன்னிலையில் தீவு மக்கள் வாக்களித்தார்கள். மூன்று வழிகள் கொடுக்கப்பட்டன: தனிநாடு, ஆஸ்திரேலியாவோடு தளர்ந்த கூட்டு, முழு இணைப்பு. இணைப்புக்கு 229 வாக்குகள், கூட்டுக்கு 21, தனிநாட்டுக்கு 9. இந்த எண்ணிக்கை வாக்காளர்களின் கருத்தை மட்டும் சொல்லவில்லை. இத்தனை சிறிய இடத்தில் சுதந்திரம் என்பது பழைய மாளிகைக்கே மறுபடி வாசல் திறந்துவிடும் என்ற அச்சத்தையும் சேர்த்தே சொல்கிறது என்று நான் படிக்கிறேன். அறுநூறு பேருக்கு மருத்துவமனை, கப்பல், பள்ளிக்கூடம் எல்லாம் யார் கொடுப்பார்கள் என்ற கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதே ஆண்டில் எஞ்சிய பெரும்பகுதி நிலமும் அறக்கட்டளைக்கு வந்தது.

மாளிகையையும் எடுத்துக்கொள்ள ஆஸ்திரேலியா முயன்றபோது ஜான் சிசில் வழக்குப் போட்டார். 1984இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அரசின் வேலை எதுவும் அவருடைய கப்பல் நிறுவனத்துக்குக் கிடைக்கவில்லை, கடைசியில் திவாலாகிப் பெர்த்துக்குப் போய்விட்டார்.

தோப்பும் நீண்ட நாள் நிற்கவில்லை. ஆஸ்திரேலியச் சம்பளம் கொடுத்து உலகச் சந்தை விலைக்குக் கொப்பரை விற்றால் கட்டாது. 1987இல் கொப்பரைத் தொழில் முடிந்தது. நூற்றறுபது ஆண்டு ஒரே பயிர், ஒரே எஜமானர். இரண்டும் பத்தாண்டுக்குள் போய்விட்டன. அந்த இடத்தை நிரப்பியது அரசு வேலை. இன்றும் தீவின் பெரும்பாலான வருமானம் அரசுப் பணி, கொஞ்சம் சுற்றுலா, காயலில் காற்றாடிப் பலகையில் சறுக்க வருபவர்கள். அரிசி, பால், காய்கறி எல்லாம் பெர்த்திலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வருகின்றன.

ஆட்சி முறையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1992இலிருந்து மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் சட்டங்கள் இங்கே செல்லும். பள்ளியும் மருத்துவமும் அந்த மாநில முறைப்படி நடக்கின்றன. உள்ளூருக்கு ஏழு உறுப்பினர் கொண்ட ஷையர் சபை உண்டு. கான்பெராவின் சார்பில் ஒரு நிர்வாகி, கிறிஸ்துமஸ் தீவுக்கும் சேர்த்து. ஆனால் மாநிலச் சட்டத்தை இயற்றும் பெர்த் சட்டமன்றத்துக்கு இந்த மக்களுக்கு வாக்கில்லை. கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு வாக்குண்டு. அதுவும் வட ஆட்சிப்பகுதியின் லிங்கியாரி தொகுதியில் சேர்த்து. ஐந்து தலைமுறையாக வேறொருவர் எழுதிய சட்டத்தின் கீழ் வாழ்ந்த மக்களுக்கு, இன்றும் தங்களை ஆளும் சட்டத்தில் பாதிக்குமேல் தங்கள் வாக்கு படவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. சிறிய மக்கள் கூட்டத்துக்காக நடைமுறையை எளிதாக்கினோம் என்பது அரசின் பதில். எளிதாக்கும்போது முதலில் கழற்றி வைக்கப்படுவது வாக்கா?

ஓடுதளத்தை மட்டும் யாரும் மறக்கவில்லை. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பெரிய விமானங்கள் இறங்க ஏற்றவகையில் ஆஸ்திரேலியா அதை விரிவாக்குகிறது. நம் இஸ்ரோவின் ககன்யான் பயணத்தைக் கண்காணிக்கத் தற்காலிக நிலையம் ஒன்று இங்கே அமைக்க இரு நாடுகளும் உடன்பட்டிருக்கின்றன. 2012இல் இலங்கையிலிருந்து புறப்பட்ட மரப்படகுகள், தமிழ்க் குடும்பங்கள் பலவற்றோடு, இந்தக் கரைக்கே வந்து சேர்ந்தன. அந்த மனிதர்கள் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

இப்போது பேச்சு கடல் மட்டத்தைப் பற்றி. 2024இல் வெளிவந்த கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் வரைவு, வரும் பத்தாண்டுகளில் ஹோம் தீவின் மக்கள் படிப்படியாக இடம்பெயர வேண்டியிருக்கும் என்கிறது. எந்த நிலத்துக்காக 1979இலும் 1984இலும் பத்திரம் எழுதிக்கொண்டார்களோ அந்த நிலத்தைப் பற்றியது இந்த வரைவு. ஹோம் தீவு மக்கள் கேட்பது எளிது: சுவர் கட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள், எவ்வளவு செலவாகும் என்று சொல்லுங்கள், எங்களை உட்காரவைத்து முடிவெடுங்கள். இந்தத் தீவின் வரலாற்றில் நிலத்தைப் பற்றிய எந்த முடிவிலும் மக்களை முன்கூட்டிக் கேட்டதில்லை, 1984ஐத் தவிர. அதனால் இந்த முறையாவது கேட்பார்களா என்று அவர்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அடுத்த இதழில் கிறிஸ்துமஸ் தீவு. 1891இல் அந்தத் தீவை குத்தகைக்கு எடுத்த இருவரில் ஒருவர் இதே ஜார்ஜ் கிளூனிஸ்-ராஸ். அங்கே தென்னை இல்லை, பாஸ்பேட். கூலிகள் சீனாவிலிருந்து வந்தார்கள்.

(தொடரும்)